நாலு கை வேலை

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சமைப்போம்."

இந்த வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்று பன்னிரண்டு வருடமாகக் கவனித்து வருகிறேன். எப்போதும் ஆண்தான் சொல்கிறார். பெண் அப்போது லேசாகச் சிரிப்பாள், அல்லது காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். உண்மையாகவே சேர்ந்து சமைக்கிற வீட்டில் அது ஒரு செய்தியே கிடையாது. யாரும் அதை வாசலில் நிற்க வைத்துச் சொல்ல மாட்டார்கள்.

நானும் என் கணவரும் சமையலறை வடிவமைக்கிறவர்கள். கொஞ்ச காலமாகத் திறந்தவெளிச் சமையலறைக்குத்தான் கிராக்கி. தோட்டத்தில் ஒரு கல் மேடை, கரி அடுப்பு, மேலே கூரை, சுற்றி நாற்காலிகள். 'சேர்ந்து சமைக்கும் தம்பதிகளுக்காக' என்று எங்கள் விளம்பரத்தில் ஒரு வரி போட்டவர் என் கணவர். அருமையான வரி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்த வரியைப் போட்டவர் வீட்டில் ஒரு தேநீர்கூடப் போட்டதில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்குள் வேலைப் பிரிவினை இப்படி. நான் போய் அளவெடுத்து முதல் வரைபடம் போடுவேன். அவர் அதைத் திருத்தி, அழகாக்கி, மூலையில் தன் பெயரை எழுதி, வாடிக்கையாளரிடம் பேசுவார். எங்கள் கொத்தனார் எனக்கு 'அளவுக்காரம்மா' என்று பெயர் வைத்தார். அவர் பிரியமாகத்தான் வைத்தார். ஆனால் அது ஒட்டிக்கொண்டது. நாளடைவில் என் கணவரே போனில் "அளவெடுக்க அவங்க வருவாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். யாரோ மீட்டர் பார்க்க வருகிற மாதிரி.

நான் இடத்தை மட்டும் அளப்பதில்லை, ஆட்களை அளப்பேன். மேடை கட்டுவதற்கு முன்னால், அந்த இடத்தில் இரண்டு மேசைகளைப் போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டைச் சமைத்துக் காட்டச் சொல்வேன். ஓரமாக உட்கார்ந்துகொண்டு, அவர்கள் கால் படுகிற இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் குறிப்பேன். அவருக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், கால் பொய் சொல்வதை நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

டாக்டர் ஆறடிக்கு மேல். அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறவர், ஐந்தடியை எட்டிப் பிடித்தவர். பின்பக்கக் கதவைத் திறந்தால் மூன்று படிகள், கீழே சிமெண்டுத் தளம், அதற்கப்பால் டாக்டர் தன் கையால் வளர்த்த புல்தரை. புல்லைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார். நூலகர் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம். எட்டுப் பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். டாக்டர் அடுப்பின் முன்னால் நின்று கரியை ஊதி, கோழித் துண்டுகளைப் பரப்பி, நண்பர்களோடு பேச ஆரம்பித்தார். பேச்சின் நடுவில், திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் லேசாக விரிந்தபடி.

"இடுக்கி."

இடுக்கி வந்து கையில் உட்கார்ந்தது.

"எண்ணெய்."

எண்ணெய் வந்தது.

"தட்டு. பெரிசு."

பெரிய தட்டு உள்ளே இருந்தது. நூலகர் மூன்று படி ஏறிப் போய் எடுத்து வந்தார். அதுவரை அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. ஒரு கை இவ்வளவு நேரம் வலிக்காமல் நீண்டிருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு டாக்டர் பெருமையாகச் சிரித்தார்.

"எங்க தொழில்ல இதுக்கு நாலு கை வேலைன்னு பேரு. டாக்டர் கை ரெண்டு, உதவியாளர் கை ரெண்டு. டாக்டர் நோயாளி வாயை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. கையை நீட்டினா கருவி வந்து உக்காரணும். வீட்லயும் எங்களுக்கு அதே பழக்கம். வார்த்தையே தேவையில்ல, அவ்வளவு ஒத்துமை!"

நண்பர்கள் ஆஹா என்றார்கள். அந்த ஒற்றுமை அப்போது உள்ளே குழாயடியில் நின்று கீரைக்கட்டை அலசிக்கொண்டிருந்தது.

தண்ணீர் உள்ளேதான் இருந்தது. அதுதான் விஷயம். கழுவ வேண்டியது, வடிக்க வேண்டியது, கை கழுவுவது, எச்சில் தட்டு எல்லாவற்றுக்கும் அந்த மூன்று படி. நூலகரின் வலது முட்டியில் புடவை விலகும்போது ஒரு முட்டிப்பட்டை தெரிந்தது. படியேறும்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்கிற அந்த ஒரே இடத்தில் சுவரின் வெள்ளை போய்க் கறுத்திருந்தது. ஈரக் கை பட்டுப் பட்டு ஆன கறை அது. ஒரு வருடத்துக் கறையாவது இருக்கும். அந்தச் சுவரைத் தினமும் பார்க்கிற மனிதர், ஊரார் பல்லில் இருக்கிற கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கிறவர், அதைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாடு முடிந்தபோது தளத்தில் நீலத்தில் இரண்டே இரண்டு பாதங்கள் இருந்தன, அடுப்புக்கு எதிரே, பக்கத்தில் பக்கத்தில். மீதியெல்லாம் சிவப்பு. படியருகே சிவப்பின் மேல் சிவப்பு விழுந்து கோடே தெரியவில்லை. எண்ணியிருந்தேன். இருபத்தாறு தடவை. ஒரு தடவைக்கு மூன்று படி என்றால் எழுபத்தெட்டுப் படி ஏற்றம், எழுபத்தெட்டுப் படி இறக்கம். கோழி நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பாராட்டெல்லாம் டாக்டருக்குப் போனது.

கிளம்பும்போது நூலகரிடம் தனியாகக் கேட்டேன்.

"முட்டியில என்ன?"

"போன வருஷம் ஆபரேஷன். படி ஏறாம இருந்தா போதும்னாங்க." தளத்தைப் பார்த்தார். "இவ்வளவும் நானா?"

"நீங்கதான்."

"கழுவி விட்டுடவா?" என்றார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்த மாதிரி. நான் காகிதத்தில் நகலெடுக்கும்வரை பொறுக்கச் சொன்னேன்.

அன்றைக்கே உட்கார்ந்து வரைந்தேன். அடுப்புப் பக்கம் டாக்டருக்கு முப்பத்தெட்டு அங்குல உயரம். அவர் மேடைக்குக் கீழேயே தட்டு, இடுக்கி, எண்ணெய், உப்பு எல்லாவற்றுக்கும் இழுப்பறைகள். கையை நீட்டினால் அவர் கைக்கே கிடைக்க வேண்டும். எதிரே நூலகருக்கு முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு மேடை, விருந்தாளிகளைப் பார்த்தபடி, பக்கத்தில் உட்கார ஓர் உயர நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் சிங்க், தண்ணீர்க் குழாய். கழிவுநீர் புல்தரைக்கு அடியில் குழாய் வழியாகப் பின்சுவர் வாய்க்காலுக்குப் போகும். படி ஏறவே வேண்டாம். பக்கத்தில், இப்போது இருக்கிற நிலை என்று எழுதி, நீலத்தையும் சிவப்பையும் அப்படியே போட்டேன். என் கணவரின் மேசையில் வைத்தேன். அவர் வழக்கம்போல் திருத்துவதாகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, வரைபடத்தைக் காட்டப் போகிற அன்று காலையில், தாள்களைச் சுருட்டிக் குழலில் போடும்போதுதான் திருத்தத்தைப் பார்த்தேன். ஒரே நீளமாக முப்பத்தெட்டு அங்குல மேடை. நடுவில் அடுப்பு. சிங்க் இல்லை, குழாய் இல்லை. என் முப்பத்திரண்டு அங்குல மேடை இருந்த இடத்தில் பூந்தொட்டி. இழுப்பறைகள் இருந்த இடத்தில் விளக்குகள், படம் எடுத்தால் நன்றாக இருக்குமாம்.

"சிங்க் எங்கே?"

"டாக்டர் போன் பண்ணார். சிங்க் யோசனையைச் சொன்னேன். புல்தரையைத் தோண்டக் கூடாதாம். உள்ளதான் சிங்க் இருக்கே, எதுக்கு இன்னொண்ணுன்னு கேட்டார். நியாயம்தானே?"

"அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அவர் சொன்னார்."

சேர்த்து! வாயில் வந்ததை விழுங்கினேன். விழுங்கியதுதான் தப்பு. என் தாளையும் அவர் தாளோடு சேர்த்துக் குழலில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கிழித்துப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது என்னை அவர் கூட்டிப் போவதில்லை. அன்றைக்குக் கல் மாதிரிகள் கனமாக இருந்ததால் கூப்பிட்டார். சுமப்பதற்கு. காரில் அவர் ஓட்டினார், பை என் மடியில் இருந்தது.

டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நால்வரும் உட்கார்ந்தோம். என் கணவர் பேச ஆரம்பித்தார். நன்றாகப் பேசுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சம், காற்று, தாம்பத்தியம், நெருப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். டாக்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கல்லு இந்த மாதிரி வரும்," என்று சொல்லி வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நான் பையிலிருந்து கறுப்புக் கல்லை எடுத்து அதில் வைத்தேன்.

"இல்லேன்னா இப்படி." சாம்பல் நிறக் கல்லை வைத்தேன்.

"ஒரு சின்ன விஷயம் வரைஞ்சு காட்டறேன்." பென்சிலை வைத்தேன்.

எதிரே நூலகர் டாக்டரையும் பார்க்கவில்லை, என் கணவரையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பைக்குப் போவதையும், உள்ளங்கைக்குப் போவதையும், மறுபடி பைக்குப் போவதையும். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்லயும் நாலு கை வேலைதானா?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. அனுதாபமாகக் கேட்டார். அதுதான் நெஞ்சில் சுருக்கென்று ஏறியது. எத்தனை வீட்டு ஆண்களின் காலைச் சுண்ணக்கட்டியால் வளைத்துப் பிடித்திருக்கிறேன்! எத்தனை பெண்களுக்காக உள்ளுக்குள் கொதித்திருக்கிறேன்! பன்னிரண்டு வருடமாக என் கை யாருடைய கை என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. கோபம் என் கணவர் மேலா, டாக்டர் மேலா என்று கேட்டால், அந்த நிமிடம் என் வலது கை மேல்தான். அதை ஒரு அறை அறையலாம் போல இருந்தது.

"இப்ப வரைபடத்தைப் பார்த்துடலாம்," என்றார் என் கணவர். கை நீண்டது.

குழலுக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. அவருடையது வழவழப்பான தாள், என்னுடையது சாதாரணத் தாள். விரல் பட்டாலே தெரியும். நான் என்னுடையதை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் பார்க்கவில்லை. கையில் வைக்கிறதை அவர் எப்போதும் பார்ப்பதில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தபடியே தாளை விரித்து, நான்கு மூலைகளிலும் கல் மாதிரிகளை வைத்து, அழுத்தித் தடவினார்.

"உங்க ரெண்டு பேர் வாழ்க்கையையும் மனசுல வச்சு, ஒவ்வொரு அங்குலமா யோசிச்சு நான் போட்டது இது—"

"இந்தச் சிவப்பு என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

என் கணவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது... பழைய தாள். மாத்தி எடுத்துட்டாங்க."

"மாத்தி எடுக்கல," என்றேன். "பார்த்துத்தான் எடுத்தேன்."

வாய் திறந்துவிட்டது, இனி மூடாது என்று எனக்கே தெரிந்தது.

"நீலம் உங்க கால், டாக்டர். ரெண்டு பாதம்தான், தேட வேண்டாம், அடுப்புக்கு முன்னாடியே இருக்கு. சிவப்பு உங்க மனைவி கால். அன்னிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபத்தாறு தடவை படி ஏறி இறங்கினாங்க. ஆபரேஷன் பண்ண முட்டியோட. இந்த வரைபடத்துல சிங்க் வெளிய இருக்கு. படி ஏற வேண்டாம். நீங்க போன்ல வேண்டாம்னு சொன்னது அந்த சிங்க்கைத்தான்."

டாக்டருக்கு முகம் சிவந்தது. "நான் என்ன சும்மாவா நிக்கிறேன்? நெருப்புக்கு முன்னாடி நிக்கிறது லேசுப்பட்ட வேலையா?" சட்டைக் கையை ஏற்றி முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயங்களைக் காட்டினார். உண்மையான காயங்கள்தான். "அவளுக்கு ஓடியாடி செய்யறதுதான் பிடிக்கும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நூலகர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புக் கோடுகளின் மேல் விரலை வைத்து, படி வரைக்கும் போய், திரும்பி, மறுபடி படி வரைக்கும் போனார். அப்புறம் விரலை எடுத்து, புது வரைபடத்தில் சிங்க் மேல் வைத்தார்.

"இது வேணும்."

"புல்தரை போயிடுமேம்மா! எத்தனை வருஷமா வளர்த்தது."

"புல்லு மறுபடி முளைச்சிடும். முட்டி முளைக்காது."

டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ?"

"சொன்னேன்," என்றார் நூலகர். "நீங்க தட்டு கேட்டுட்டிருந்தீங்க."

டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே, திறந்திருந்த பின்கதவு வழியாகப் படியையும், படி ஓரத்துச் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கறை அவர் கண்ணில் பட்டதா என்று எனக்குத் தெரியாது. பட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

என் கணவர் சமாளிக்கப் பார்த்தார். இரண்டு யோசனையையும் கலந்து புதிதாக ஒன்று போடலாம், சிங்க்கைச் சின்னதாக்கலாம் என்றார். நூலகர் அவர் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, சம்மதம் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளின் வலது மூலையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. முதல் வரைபடத்தில் அந்த மூலை எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

"வரைஞ்சவங்க பேரு இல்லையே?"

"அது அப்புறம்—" என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"பேர் இல்லாம நாங்க எதையும் அலமாரியில வைக்கறதில்ல," என்று சொல்லி, பேனாவைத் திருப்பிப் பிடித்து என்னிடம் நீட்டினார். நான் கேட்காமலே என் கைக்கு ஒன்று வந்தது. எழுதினேன். முழுப் பெயரையும் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது, பரவாயில்லை. தாளைச் சுருட்டிக் குழலில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் கணவர் பொரிந்து தள்ளினார்.

"நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியே! ஒரு வார்த்தை வீட்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"காலையில சொன்னேன். நியாயம்தானேன்னு கேட்டீங்க."

"அதுக்காக? வாடிக்கையாளர் முன்னாடி காலை வாரி விடுவியா? இத்தனை வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதானே எல்லாம் செஞ்சோம்?"

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த வாக்கியத்தை ஆண்தான் சொல்வார் என்று சொன்னேனல்லவா.

"சேர்ந்து செஞ்சோம்," என்றேன். "உங்க பேர் நூறு வீட்டு வரைபடத்துல இருக்கு. என் பேர் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிதான் ஒண்ணுல ஏறியிருக்கு. அதுக்கே உங்களுக்கு அசிங்கமாப் போச்சு."

அவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே காரை நோக்கி நடந்தார். ஓட்டுநர் கதவருகே நின்று, திரும்பாமல், வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே, விரல்கள் லேசாக விரிந்து. கார்ச் சாவி எப்போதும் என் பையில்தான் இருக்கும்.

நான் வரைபடக் குழலை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். விரல்கள் பழக்கத்தில் மூடிக்கொண்டன. அடுத்த நொடியில் கனம் வேறாக இருப்பது தெரிந்து, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கையில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் நான் கதவைத் திறந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன இது? சாவி எங்க?"

"சாவி என் கையில. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க," என்றேன். "குழலைப் பத்திரமா மடியில வச்சுக்குங்க. உள்ள என் வரைபடம் இருக்கு."